பெரிய நிறுவனத்தில் அலுவலக ஊழியர்களின் உற்பத்தித்திறனை எப்படி அளப்பது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் அலுவலக வேலையில் மட்டும் சுமார் 4,000 பேர் இருக்கிறோம். அக்கவுன்ட்ஸ், ஐடி, சட்டம், ஹெச்ஆர், வாடிக்கையாளர் சேவை எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு புரொடக்டிவிட்டி ஸ்கோர் வேண்டும், அடுத்த அப்ரைசலில் ஹைக் அதை வைத்துத்தான் என்கிறது நிர்வாகம். ஹெச்ஆரில் இருக்கும் என் தலையில் இந்த வேலை விழுந்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் இதை எப்படிச் செய்கின்றன?

பதில்:

அளக்கலாம். ஆனால் உங்கள் நிர்வாகம் கேட்கிற மாதிரி தலைக்கு ஒரு எண் என்று 4,000 பேருக்கும் போட முடியாது. முடியும் என்று ஒரு மென்பொருள் விற்பனையாளர் வந்து டெமோ காட்டுவார். அவர் அளப்பது வேறு எதையோ. சென்னையில் ஒரு ஷேர்டு சர்வீசஸ் மையத்தில் (ஒரு குழுமத்தின் கணக்கு, சம்பளம் மாதிரியான வேலைகளை ஒரே இடத்தில் செய்யும் அலுவலகம்) பல வருடம் இந்தக் கணக்குகளோடுதான் காலம் தள்ளினேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உற்பத்தித்திறன் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே, கிடைத்த பலன். கீழே, அதற்குச் செலவான உழைப்பு. அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பாலையில் ஓர் ஆள் ஒரு நாளில் வண்டியில் ஏற்றிய வார்ப்பிரும்பு 12½ டன்னிலிருந்து 47 டன்னாக ஏறியது என்று பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911-இல் எழுதினார். அந்தக் கதையில் மிகை உண்டு என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது இருக்கட்டும். அங்கே இரும்பைத் தராசில் நிறுத்திவிடலாம், செய்ய வேண்டிய வேலை என்ன என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. அலுவலகத்தில் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. மூளை உழைப்பாளரின் உற்பத்தித்திறனைப் பற்றி 1999-இல் ஒரு முழுக் கட்டுரை எழுதிய மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர், முதலில் கேட்க வேண்டியது 'இவருடைய வேலை என்ன?' என்பதுதான் என்றார். உங்கள் சட்டப் பிரிவில் போய் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் தயாரிப்பதா, வழக்கு வராமல் பார்த்துக்கொள்வதா? வராத வழக்கை எந்தக் கலத்தில் எண்ணி நிரப்புவீர்கள்?

கீழே இருக்கும் எண்ணாவது சுத்தமா என்றால் அதுவும் இல்லை. ஐடி கம்பெனிகளில் டைம்ஷீட் எப்படி நிரம்புகிறது என்பது ஊரறிந்த ரகசியம். வெள்ளிக்கிழமை மாலை 'டைம்ஷீட் பெண்டிங்' என்று மெயில் வரும். எல்லோரும் உட்கார்ந்து திங்கள் 8, செவ்வாய் 8, புதன் 8 என்று ஐந்து நாளுக்கும் தட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போவார்கள். செவ்வாய்க்கிழமை இரவு 11 மணி வரை உட்கார்ந்தவரும் 8, புதன்கிழமை சர்வர் படுத்துக் கிடந்ததால் மதியம் முழுக்க சும்மா இருந்தவரும் 8. 40 மணி நேரத்துக்கு மேல் போட்டால் அந்த ப்ராஜெக்ட் கோட் ஏற்றுக்கொள்ளாது. இந்தத் தரவை வைத்துத்தான் மேலே அழகழகான வரைபடங்கள் போகின்றன.

பெரிய கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று கேட்டீர்கள். மேல்மட்டத்தில் தலைக்கு எவ்வளவு வருவாய் என்று பார்க்கிறார்கள். பங்குச் சந்தைக்குச் சொல்ல நல்ல எண்தான். ஆனால் ஹவுஸ்கீப்பிங்கையும் பேரோலையும் வெளி ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டால், ஒருவர்கூடக் கூடுதலாக வேலை செய்யாமலே அந்த எண் ஏறிவிடும். ஐடி சேவை நிறுவனங்களில் இன்னொரு எண் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும்: யுடிலைசேஷன். மொத்த ஆட்களில் எத்தனை சதவீதம் பேர் க்ளையன்ட்டுக்கு பில் ஆகிறார்கள், எத்தனை பேர் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கிறார்கள் என்ற கணக்கு. லாபத்துக்கு இது முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் பலரும் இதையே உற்பத்தித்திறன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளில் முடிகிற மாற்றத்தை மூன்று நாள் இழுத்துச் செய்பவரும் 100 சதவீதம் யுடிலைஸ் ஆனவர்தான்.

இதில் சொல்லப்படாத ஒரு முரண் இருக்கிறது. மணிக் கணக்கில் பில் போடும் ஒப்பந்தத்தில், அதாவது டைம் அண்ட் மெட்டீரியல் முறையில், வேலையைச் சீக்கிரம் முடிக்கிற டீம் கம்பெனியின் வருமானத்தைக் குறைக்கிறது. 10 பேர் வேலையை 7 பேர் முடித்துக் காட்டினால் 3 பேரின் பில்லிங் போகும், அவர்கள் பெஞ்சுக்கு வருவார்கள், ப்ராஜெக்ட் மேனேஜருக்குப் பாராட்டு வராது, கேள்விதான் வரும். அதே வேலை, மொத்தத் தொகையை முன்பே பேசி முடிக்கும் ஃபிக்ஸட் பிரைஸ் ஒப்பந்தத்தில் இருந்தால் 7 பேரில் முடித்தவர் ஹீரோ. ஒரே ஆட்கள், ஒரே திறமை. பணம் எப்படி வருகிறது என்பது மாறினால் எதை உற்பத்தித்திறன் என்கிறோம் என்பதே மாறிவிடுகிறது. உங்கள் கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் ஸ்கோரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவுக்கும் பணம் எதனால் வருகிறது, எதனால் போகிறது என்று கேட்டு வையுங்கள்.

இனி, எண்ணக்கூடிய வேலைக்கு வருவோம். இன்வாய்ஸ் போடுவது, கிளெய்ம் பார்ப்பது, சப்போர்ட் டிக்கெட் முடிப்பது, சம்பளப் பட்டியல் ஓட்டுவது இதெல்லாம் எண்ணலாம். ஆனால் எண்ணுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

வெண்டர்களின் பில்லுக்குப் பணம் கொடுக்கும் அக்கவுன்ட்ஸ் பேயபிள் டீமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 60 இன்வாய்ஸ் என்று டார்கெட் வைக்கிறீர்கள். வாங்கச் சொன்ன ஆர்டரான பிஓ இருக்கிறது, சரக்கு வந்ததற்கான ரசீதான ஜிஆர்என் இருக்கிறது, தொகை மூன்றிலும் பொருந்துகிறது என்றால் அந்த இன்வாய்ஸ் நாலு நிமிட வேலை. பிஓவே இல்லாமல் வந்தது, யார் வாங்கினார்கள் என்று தேடவே கால் மணி நேரம் போகும். ஜிஎஸ்டி எண் தப்பாக இருந்தால் வெண்டருக்கு ஃபோன் போட்டு, கிரெடிட் நோட் வாங்கி, திரும்பப் போட்டு என்று அரை மணிக்கும் மேல். பொதுக் க்யூவிலிருந்து அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன நடக்கும்? காலை 9 மணிக்கு முன்னாலேயே லாகின் செய்து, நாலு நிமிட இன்வாய்ஸ்களை எல்லாம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறவர்தான் மாத இறுதியில் ஸ்டார் பர்ஃபார்மர். கஷ்டமான இன்வாய்ஸ்கள் க்யூவின் அடியில் 60 நாள், 90 நாள் என்று பழசாகும். எதிர்பார்த்த மாதிரி அதையெல்லாம் எடுத்துப் பார்ப்பவர் டீமிலேயே நன்றாக வேலை தெரிந்த ஒருவர். எண்ணிக்கையில் அவர் கடைசியில் இருப்பார்.

இதைச் சரிசெய்யும் வழி பழையது, எளியது. வேலையை ரகம் பிரித்து, ஒவ்வொரு ரகத்துக்கும் நியாயமான நேரத்தை டீமோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். 60 இன்வாய்ஸ் என்று எண்ணாமல் இத்தனை நிமிட அளவு வேலை என்று எண்ணுங்கள். வேலையை சிஸ்டமே வந்த வரிசையில் பங்கிடட்டும். எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்களை வையுங்கள்: 30 நாளுக்கு மேல் கிடப்பது எத்தனை, தப்பாகப் போய்த் திரும்பி வந்தது எத்தனை. வேகத்தை மட்டும் கேட்டால் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போகும்.

சப்போர்ட் டிக்கெட்டிலும் இதே கதைதான். மாலை 6 மணிக்குள் முடிக்காவிட்டால் எஸ்எல்ஏ, அதாவது இத்தனை நேரத்துக்குள் முடிப்போம் என்று ஒப்புக்கொண்ட கெடு, தப்பிவிடும் என்ற டிக்கெட் ஒன்று இருக்கிறது. மணி 5.40. இன்ஜினியர் என்ன செய்வார்? 'பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று உறுதிப்படுத்தவும்' என்று பயனருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, நிலையை 'பயனர் பதிலுக்காகக் காத்திருப்பு' என்று மாற்றுவார். கடிகாரம் நின்றுவிடும். சப்போர்ட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் இந்த வித்தை தெரியும். மாத ரிப்போர்ட்டில் எஸ்எல்ஏ 98 சதவீதம் பச்சையாக இருக்கும், பயனர்கள் சிவந்துபோய் இருப்பார்கள். கடிகாரத்தை நிறுத்த முடியாத அளவு ஒன்றையும் சேர்த்தே பாருங்கள்: டிக்கெட் போட்ட நேரத்திலிருந்து பயனர் நிம்மதியான நேரம் வரை மொத்தம் எவ்வளவு, மூடிய டிக்கெட்டுகளில் எத்தனை ஒரு வாரத்துக்குள் திரும்பத் திறந்தன.

இந்த மாதிரி தில்லுமுல்லுகளை ஊழியர்களின் நேர்மைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருளாதார அறிஞர்கள் பெங்ட் ஹோம்ஸ்ட்ராமும் பால் மில்கிராமும் 1991-இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். பிற்பாடு இருவருக்கும் நோபல் கிடைத்தது. ஒருவருக்குப் பல வேலைகள் இருந்து, அதில் எளிதாக அளக்க முடிகிற ஒன்றுக்கு மட்டும் வலுவான ஊக்கத்தொகை வைத்தால், அளக்க முடியாத மற்ற வேலைகளிலிருந்து உழைப்பு அந்தப் பக்கம் ஓடிவிடும் என்பது சாரம். ஜூனியருக்குச் சொல்லிக் கொடுப்பது, பக்கத்து டீமுக்கு உதவுவது, ஆவணம் எழுதி வைப்பது எல்லாம் முதலில் அடிபடும்.

எல்லை மீறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பாருங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் தங்களிடம் எட்டு திட்டங்களாவது வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. கிளை ஊழியர்களுக்கு நாள்தோறும் டார்கெட். வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் சுமார் 5,300 பேர் வேலையை விட்டு நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. போலிக் கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு மதிப்பிட்டார்கள். 2020-இல் 300 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தார்கள். 5,300 பேர் ஒரே நேரத்தில் கெட்டவர்களாகிவிடவில்லை. டேஷ்போர்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மென்பொருள் எழுதுபவர்களை அளப்பது தனி வேடிக்கை. எத்தனை வரி கோட் எழுதினார் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1982-இல் ஆப்பிளின் லிசா கணினியை உருவாக்கிய குழுவில் வாராவாரம் அதை ஒரு படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள். அந்தக் குழுவின் புரோகிராமர் பில் அட்கின்சன் அந்த வாரம்தான் வரைகலைக்கான ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, அதை ஆறு மடங்கு வேகமாக்கி, நீளத்தையும் குறைத்திருந்தார். படிவத்தில் −2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இப்போது நல்ல நிறுவனங்கள் டீம் அளவில் நாலு விஷயம் பார்க்கின்றன: எவ்வளவு அடிக்கடி வெளியீடு போகிறது, எழுதி முடித்த கோட் பயன்பாட்டுக்குப் போக எவ்வளவு நேரம், அப்படிப் போனதில் எத்தனை சதவீதம் உடைகிறது, உடைந்தால் எவ்வளவு நேரத்தில் சரியாகிறது. இரண்டு வேகம், இரண்டு தரம். ஏஐ கோட் எழுதித் தரும் இந்த நாளில் வரிகளையோ டிக்கெட்டுகளையோ எண்ணுவதில் இன்னும் அர்த்தமில்லை. வரி இப்போது ஓசியில் கிடைக்கிறது.

கண்காணிப்பு மென்பொருள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நிர்வாகத்தின் மனதில் அதுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கீபோர்டு தட்டல், மவுஸ் நகர்வு, ஸ்க்ரீன்ஷாட், டீம்ஸில் பச்சைப் புள்ளி எத்தனை நேரம் என்று சேகரித்து ஸ்கோர் கொடுப்பது. மைக்ரோசாஃப்ட் 2020-இல் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது, தனிநபர் பெயரோடு விவரம் தெரிகிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே பெயர்களை எடுத்துவிட்டார்கள். இதே வெல்ஸ் ஃபார்கோ 2024-இல் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களை, வேலை செய்வதுபோல் காட்டக் கீபோர்டு அசைவைப் போலியாக உண்டாக்கினார்கள் என்று நீக்கியது. மவுஸைத் தானாக ஆட்டும் கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அசைவை அளந்தால் அசைவுதான் கிடைக்கும். விற்க வருபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கோபித்துக்கொண்டு போகவிருந்த க்ளையன்ட்டிடம் இரண்டு மணி நேரம் ஃபோனில் பேசித் தக்கவைத்தவருக்கு உங்கள் ஸ்கோர் என்ன காட்டும்?

நேர்மையாக அளந்தவர்களும் உண்டு. சீனப் பயண நிறுவனமான சிட்ரிப், 2010 டிசம்பரில் தன் ஷாங்காய் கால் சென்டரில் ஒரு சோதனை நடத்தியது. விருப்பம் தெரிவித்த தகுதியுள்ள 249 பேரில் பிறந்த தேதி இரட்டை எண்ணாக இருந்தவர்கள் வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை, ஒற்றை எண்காரர்கள் அலுவலகத்தில். ஒன்பது மாதம். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் கணக்குப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் செயல்பாடு 13 சதவீதம் கூடியது. ஆனால் அதில் சுமார் 9 சதவீதம், இடைவேளையும் விடுப்பும் குறைந்து கூடுதல் நிமிடங்கள் வேலை செய்ததால். நிமிடத்துக்கு எத்தனை அழைப்பு என்ற உண்மையான வேகம் கூடியது 4 சதவீதம்தான். ஒரே எண்ணைப் பிரித்துப் பார்த்தால் எவ்வளவு வேறு கதை வருகிறது பாருங்கள். இன்னொன்று: செயல்பாடு சமமாக இருந்தாலும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே வந்தது. ஒவ்வொரு அழைப்பும் எண்ணப்படும் இடத்திலேயே மேனேஜரின் கண்ணில் படுவதற்கு அவ்வளவு மதிப்பு.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு, ஆசியாவின் பெரிய ஐடி சேவை நிறுவனம் ஒன்றில் 10,000-க்கும் அதிகமானோரின் தரவை வைத்து மைக்கேல் கிப்ஸும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் செய்தது. கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு வேலை நேரம் கூடியது, விளைவு சிறிது குறைந்தது, உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை விழுந்தது. காரணம் சோம்பல் இல்லை. மீட்டிங்குகள் கூடின, ஒருவரை ஒருவர் ஒருங்கிணைக்கும் செலவு கூடியது, தொடர்ந்து கவனமாக உட்காரக் கிடைத்த நேரம் குறைந்தது. வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாராயண மூர்த்தி 2023-இல் சொன்னது நாடு முழுக்க விவாதமானபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. மணி நேரம் வகுத்தலின் கீழே இருக்கும் எண். மேலே உள்ளது அசையாமல் கீழே கூடினால் விடை குறையும். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

ஒவ்வொரு டீமிலும் இத்தனை சதவீதம் பேர் மேலே, இத்தனை சதவீதம் பேர் கீழே என்று கட்டாயமாகத் தரம் பிரிக்கும் பெல் கர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் 2013-இல் கட்டாயத் தரவரிசையைக் கைவிட்டது. நல்ல ஆட்கள் நல்ல ஆட்களோடு ஒரே டீமில் சேரத் தயங்குகிறார்கள் என்றால் அந்த முறையில் அளப்பதற்கு என்ன இருக்கிறது?

சரி, நீங்கள் என்ன செய்வது? எனக்குத் தெரிந்து பெரிய நிறுவனங்களில் நேரம் வீணாவது ஆட்களிடம் அல்ல, ஆட்களுக்கு நடுவில். புது வெண்டரை சிஸ்டத்தில் ஏற்ற ஒரு படிவம் இருக்கும். அதன் மேல் மனிதர் கை வைக்கும் நேரத்தைக் கூட்டினால் அரை மணி வராது. ஆனால் படிவம் கிளம்பி முடிய இரண்டு வாரம் ஆகும். நாலு பேர் அப்ரூவல், அதில் ஒருவர் டூரில், இன்னொருவர் பான் கார்டு நகல் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புவார். இங்கே டைப் அடிப்பவரின் ஸ்கோரை இரண்டு மடங்காக்கினாலும் இரண்டு வாரம் இரண்டு வாரம்தான். ஓர் அப்ரூவலை எடுத்துவிட்டால் மூன்று நாள் மிச்சம்.

இதை அளக்க யாரையும் வேவு பார்க்க வேண்டாம். பின்னாளில் எம்ஐடி பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு சூத்திரம் போதும். கிளெய்ம் பிரிவில் 300 ஃபைல் நிலுவையில் இருக்கிறது, நாளைக்கு சராசரியாக 60 முடிகிறது, வருவதும் ஏறக்குறைய அதே அளவு என்றால், ஒரு ஃபைல் சராசரியாக 5 நாள் உள்ளே கிடக்கும். இரண்டு எண்கள், ஒரு வகுத்தல். இதை எல்லாப் பிரிவுக்கும் மாதாமாதம் போட்டாலே எந்த வாசலில் நெரிசல் என்று தெரிந்துவிடும்.

முதலில் அக்கவுன்ட்ஸ் பேயபிள், சப்போர்ட் இரண்டோடு தொடங்குங்கள். எண்ணக்கூடியவை, தரவும் ஏற்கெனவே சிஸ்டத்தில் இருக்கிறது. டீம் அளவில் மட்டும், நாலைந்து எண்ணுக்கு மேல் வேண்டாம். வேகத்துக்கு ஒன்று வைத்தால் தரத்துக்கு ஒன்று வைத்தே ஆக வேண்டும். குறைந்தது ஒரு காலாண்டு எந்த டார்கெட்டும் இல்லாமல் சும்மா பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? ஹெச்ஆர், நிதித் திட்டமிடல் மாதிரியான பிரிவுகளில், அவர்களுடைய வேலையை வாங்கிக்கொள்கிற உள் பிரிவுகளிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள்: வந்தது நேரத்துக்கு வந்ததா, அப்படியே பயன்படுத்த முடிந்ததா, இல்லை நீங்கள் திரும்பச் செய்தீர்களா? கூடவே, இவர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டுகளில் எதை நிறுத்தினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது என்றும் கேளுங்கள். வாராவாரம் மூன்று பேர் உட்கார்ந்து தயாரிக்கும் எக்செலை யாரும் திறப்பதே இல்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். அதை நிறுத்துவது எந்த ஸ்கோரையும்விட உற்பத்தித்திறனைக் கூட்டும்.

சட்டப் பிரிவையும், ஆராய்ச்சிப் பிரிவு இருந்தால் அதையும் இந்த வருடம் தொடாதீர்கள். அங்கே ஒரு வருடத்தின் பலன் மூன்றாவது வருடத்தில்தான் தெரியும்.

ஹைக் விஷயத்தில் நிர்வாகத்திடம் வெளிப்படையாகப் பேசுங்கள். எண் சம்பளத்தோடு சேர்ந்த மாதமே அதன் உண்மை போய்விடும், அப்புறம் உங்களுக்கு நிலவரம் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்காது என்பதை வெல்ஸ் ஃபார்கோவைக் காட்டியே சொல்லலாம். கேட்காவிட்டால் சமரசமாக, டீம் எண்ணை டீம் போனஸில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் வையுங்கள். தனிநபர் ஹைக்கை இந்த முறையும் மேனேஜர்களே முடிவு செய்யட்டும், ஆனால் ரேட்டிங் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தத் தாளில் 'நல்ல ஆட்டிட்யூட்' என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.